'உம்' எங்கே நிற்கிறது

பத்தாம் வகுப்புக்குத் தொடைகள் பாடத்தை ஆரம்பிக்கும்போதெல்லாம் முதல் ஐந்து நிமிஷம் சிரிப்பிலேயே போய்விடும். தமிழ்நாட்டில் இதைக் கணம் என்கிறார்கள். இலங்கையில் எங்கள் பாடப்புத்தகத்தில் இது தொடை. பூவைத் தொடுப்பதுபோல, ஒரு விதிக்குள் அடங்குகிறவற்றையெல்லாம் ஒன்றாகத் தொடுத்து வைப்பது என்று நான் விளக்கம் சொல்வேன். பின்வரிசைப் பையன்கள் தங்கள் தொடையைத் தட்டிக் காட்டுவார்கள்.

அந்தக் கார்த்திகையில் யாரும் சிரிக்கவில்லை. மடுல்சீமைப் பக்கத்து மலைகளில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூடம் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. எதிர்ச் சரிவில் லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மூட்டம் விலகும்போதெல்லாம் தகரக் கூரைகள் தெரியும், பிறகு மறையும். பிள்ளைகள் கரும்பலகையைவிட ஜன்னலைத்தான் அதிகம் பார்த்தார்கள். அவர்களுடைய வீடுகள் அங்கே. என் வீடும் அங்கேதான். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவும் கணக்குப் படிப்பிக்கும் நானும் கீழ் லயத்தின் கடைசிக் காம்பிராவில், வரிசையின் ஓர வீட்டில், இருந்தோம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் மூன்று லயங்கள். மேல் லயம் சமதரையில், கோவிலுக்குப் பக்கத்தில் நின்றது. அதன் சுவர்களில் போன வருஷத்து மழையிலேயே வெடிப்பு விழுந்துவிட்டது. கீழ் லயத்தின் சுவர்கள் நல்ல சுவர்கள், புதிதாகப் பூசியவை. ஆனால் அதன் முதுகை ஒட்டி ஒரு பெரிய மண்மேடு செங்குத்தாக எழுந்து நின்றது. நடு லயத்துக்கு இரண்டும் இருந்தன. பின்னால் மேடு, சுவரில் வெடிப்பு.

அன்றைக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது, தொடைக்கு விதி தெளிவாக இருக்க வேண்டும் என்பது. "நம்ம தோட்டத்து நல்ல மனுசங்க" என்றால் அது தொடை ஆகாது. யார் உள்ளே, யார் வெளியே என்று ஆளுக்கொரு பேச்சு வரும். "இந்த வகுப்பில் இன்று குடை கொண்டுவந்தவர்கள்" என்றால் ஆகும். ஒவ்வொருவரையும் பார்த்து உண்டு, இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படி உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அந்தத் தொடையின் மூலகம். ஒருவருமே கொண்டுவராமல் போனால் அது சூனியத்தொடை. அதுவும் ஒரு தொடைதான்.

பிறகு இரண்டு வட்டங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல வரைந்தேன். இரண்டு வட்டத்துக்கும் பொதுவான நடுப்பகுதி இடைவெட்டு. இரண்டு வட்டத்தில் எதற்குள் இருந்தாலும் சேர்த்துக்கொள்வது ஒன்றிப்பு. இரண்டுக்கும் வெளியே நிற்பது ஒன்றிப்பின் நிரப்பி.

முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்தாள். "டீச்சர், கேள்வியில 'உம்' வந்தா இடைவெட்டு, 'அல்லது' வந்தா ஒன்றிப்பு. அப்பிடித்தானே?"

டியூஷனில் யாரோ சொல்லிக்கொடுத்த குறுக்கு வழி. நான் இல்லை என்றேன். "பாலும் சீனியும் போட்ட தேத்தண்ணிக் கோப்பைகளை எடு என்றால் எதை எடுப்பாய்?"

"ரெண்டும் போட்டத."

"பால் போட்ட கோப்பைகளையும் சீனி போட்ட கோப்பைகளையும் எடு என்றால்?"

அவள் யோசித்தாள். "எல்லாத்தையும் எடுக்கணும். வெறுந் தேத்தண்ணி மட்டும் மிஞ்சும்."

"இரண்டிலும் 'உம்' இருக்கிறது. முதலில் அது பண்புகளைச் சேர்க்கிறது, அதனால் கோப்பைகள் குறைகின்றன. அடுத்ததில் கோப்பைகளையே சேர்க்கிறது, அதனால் கூடுகின்றன. 'உம்' வந்ததா என்று பார்க்காதே. எங்கே நிற்கிறது என்று பார்."

அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே கோவில் ஒலிபெருக்கி கரகரத்தது. எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரின் குரல். "நடு லயத்து ஆளுங்க எல்லாரும் உடனே ஸ்கூலுக்குப் போயிருங்க. மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கு. மேல் லயத்துக்காரங்களும் கீழ் லயத்துக்காரங்களும் பயப்பட வேணாம்."

வகுப்பு கலைந்துபோயிற்று. பள்ளிக்கூட அதிபர் மணியை அடிக்கச் சொல்லி, நடு லயத்துப் பிள்ளைகளை மட்டும் மண்டபத்தில் இருக்கச் சொன்னார். மற்றவர்கள் புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள்.

கீழ் லயத்துக்குப் பயமில்லை என்ற பேச்சு எனக்குச் சரியாகப் படவில்லை. அன்று காலை முகம் கழுவும்போது, மேட்டின் அடியில் ஊறி வரும் தண்ணீரைப் பார்த்திருந்தேன். எப்போதும் தெளிவாக வருவது, பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் வந்துகொண்டிருந்தது. அம்மாவிடம் சொன்னபோது, மழைக்குக் கலங்கத்தானே செய்யும் என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

குடையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு ஓடினேன். தலைவர் மைக்கைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார். அவர் எனக்கு மாமா முறை. என்னைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர். ஆனாலும் நான் ஆசிரியர் வேலைக்கு வந்தபிறகு டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"மாமா, எச்சரிக்கை யாரு சொன்னது?"

"கிராம சேவகரு போன் பண்ணுனாரு. கொஞ்ச நேரத்துக்கு முன்ன." கிராம சேவகர் எங்கள் பகுதிக்கான அரசாங்க அலுவலர்.

"அவரு சொன்னத அப்பிடியே சொல்லுங்க."

"சிங்களத்துல சொன்னாரு டீச்சர். வெடிப்பும் இருந்து மேட்டுக்குக் கீழயும் இருக்க வீடுங்க வெளிய வரணும்னாரு. அது நடு லயந்தானே."

"வெடிப்பு இருக்க வீடுங்களும், மேட்டுக்குக் கீழ இருக்க வீடுங்களும்னு சொல்லியிருக்க மாட்டாரா?"

தலைவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ரெண்டும் ஒன்னுதானே?"

கரும்பலகையில் இருந்த வட்டங்கள் அப்படியே கண்முன் நின்றன. அவர் சொன்னபடி பார்த்தால் நடுப்பகுதி மட்டும் வெளியேற வேண்டும். நான் நினைப்பது சரியென்றால் மூன்று லயமும் வெளியேற வேண்டும்.

"ரெண்டும் ஒன்னு இல்ல மாமா. திரும்ப ஒருக்கா அவருகிட்ட கேளுங்க."

"கோல் போக மாட்டேங்குது. மழைக்கு டவர் இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "டீச்சர், போன வருஷம் நான் எல்லாரையும் கெளப்பிக்கிட்டுப் போனேன். ஒன்னுமே நடக்கல. வாரக் கணக்குல ஸ்கூல் மண்டபத்துல கெடந்தாங்க, கக்கூசுக்கு வரிசையில நின்னாங்க. தோட்டத்துத் தொர ஒரு பக்கம் ஏசுனாரு, நம்ம ஆளுங்க ஒரு பக்கம் ஏசுனாங்க. இந்தத் தடவயும் சும்மா கெளப்புனா அப்பறம் என் பேச்ச எவனும் கேக்க மாட்டான்."

அதில் நியாயம் இருந்தது. அந்த முறை ஏசியவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

தண்ணீர்த் தாங்கி இருக்கும் மேட்டில் நின்றால் சில நேரம் சிக்னல் கிடைக்கும். தலைவரின் போனில் இருந்து கிராம சேவகரின் இலக்கத்தை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஏறினேன். குடை ஒரு காற்றில் திரும்பிவிட்டது, அதைச் செடிகளுக்குள்ளேயே போட்டுவிட்டேன். காலில் அட்டை ஏறுவது தெரிந்தும் குனியவில்லை. என் போனை மார்போடு சேர்த்துச் சால்வைக்குள் வைத்திருந்தேன். மின்சாரம் முதல் நாளே போய்விட்டதால் சார்ஜும் அடிமட்டத்தில் இருந்தது.

தாங்கிக்குப் பக்கத்தில் நின்று திரும்பத் திரும்ப அடித்தேன். மணி போகவே இல்லை. சிமெந்துத் தூணின் மறுபக்கம் போய் நின்றபோது மணி போயிற்று. அவர் எடுத்தார். பின்னால் பல பேர் பேசும் சத்தம். அவருக்கும் அன்று எத்தனை தோட்டத்திலிருந்து அழைப்பு வந்திருக்குமோ.

என் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம். நான் யார் என்று சொல்லி, யார் வெளியேற வேண்டும் என்று கேட்டேன். அவர் வேகமாகச் சொன்னார். வெடிப்பு என்ற சொல்லும் மேடு என்ற சொல்லும் காதில் விழுந்தன. இரண்டுக்கும் நடுவே வந்த சொல் மழையில் போயிற்று. திரும்பக் கேட்டேன். திரும்பவும் சொன்னார். இந்த முறையும் நடுவில்தான் அறுந்தது. மூன்றாவது தடவை கேட்டால் வைத்துவிடுவார் என்று பட்டது.

அப்போது கேள்வியைப் புரட்டிப் போடலாம் என்று தோன்றியது. யார் போக வேண்டும் என்று கேட்டால்தானே இந்தக் குழப்பம். யார் இருக்கலாம் என்று கேட்டால்? ஒன்றிப்புக்கு வெளியே நிற்க வேண்டுமென்றால் இதுவும் இருக்கக் கூடாது, அதுவும் இருக்கக் கூடாது. இடைவெட்டுக்கு வெளியே நிற்க ஒன்று இல்லாமல் இருந்தாலே போதும். அப்படியானால் இரண்டில் ஒன்று மட்டும் உள்ள ஒரு வீட்டைப் பற்றிக் கேட்டால் போதும்.

கத்தினேன். "சுவரில் வெடிப்பு இல்லை. மேட்டுக்குக் கீழே. அந்த வீட்டில் இருக்கலாமா?"

"வேண்டாம், வேண்டாம்!" என்று அவரும் கத்தினார். இது தெளிவாகக் கேட்டது. "அவர்களை உடனே வெளியேற்று!"

"வெடிப்பு இருக்கிறது. மேடு இல்லை?"

"அவர்களும் இருக்க வேண்டாம். ஒன்று இருந்தாலே…" அதோடு போன் செத்துவிட்டது.

இறங்கும்போது ஓடினேனா சறுக்கினேனா தெரியாது. சேலை முழுவதும் சேறு. தலைவரிடம் கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் கீழ் லயத்தைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். மைக்கை எடுக்காமல் நின்றார்.

"நீ சரியாத்தான் கேட்டியா?" அன்றைக்குத்தான் வருஷக் கணக்குக்குப் பிறகு என்னை ஒருமையில் பேசினார்.

"சரியாத்தான் கேட்டேன் மாமா. நம்பலன்னா நீங்களே ஏறிப் போய்க் கேளுங்க. ஆனா கேட்டுட்டு வர்ற வரைக்கும் ஆளுங்க உள்ள இருப்பாங்க."

அவர் துணியை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். "'உம்' போட்டுச் சொல்லாதீங்க. ரெண்டுல எது இருந்தாலும் கெளம்புங்கன்னு சொல்லுங்க. மூணு லயத்தோட பேரையும் சொல்லுங்க."

அவர் அப்படியே சொன்னார். ஒருமுறை சொல்லிவிட்டு, திரும்பவும் சொன்னார்.

மேல் லயத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். வெடிப்பைத் தினம் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள், அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கீழ் லயத்தில்தான் கஷ்டம். சுவரைத் தட்டிக் காட்டினார்கள். ஒரு கீறல் இருக்கா பாருங்க என்றார்கள். தலைவர் ஒரு முனையிலிருந்து காம்பிரா காம்பிராவாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார். நான் மறுமுனைக்கு, என் வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா மழையால் வேலை பாதியில் நின்று திரும்பியிருந்தாள். அடுப்பில் ரொட்டி.

"அம்மா, கெளம்பு. ஸ்கூலுக்குப் போவணும்."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். மேட்டுக்குக் கீழ உள்ளவங்கதானே போவணும்? நம்ம வீடு ஓரத்துல இருக்கு. மேடு அந்தாண்ட முடிஞ்சிருது."

மேடு எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போது தணிந்துதான் போயிருந்தது. 'மேட்டுக்குக் கீழே' என்பதற்கு எல்லை எது? எந்த இடத்தில் அது முடிகிறது? விதி தெளிவாக இல்லையென்றால் தொடையே இல்லை என்று காலையில் பெரிதாகப் பாடம் நடத்தியவள் நான். அந்தக் காம்பிரா உள்ளேயா வெளியேயா என்று எனக்கே தெரியவில்லை.

"தெரியாதும்மா. தெரியாததுனாலதான் வான்னு சொல்றேன்."

"போன வருஷமும் இப்பிடித்தான். எனக்கு இடுப்பு வலி. சிமெந்துத் தரையில என்னால படுக்க ஏலாது."

அடுத்த காம்பிராவில் இருந்த அக்கா தன் இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவளும் கைக்குழந்தையும் மட்டும்தான். எதற்கும் அம்மாவைக் கேட்டுத்தான் செய்வாள். அவள் ஒரு பையைக் கட்டி வைத்திருந்தாள். ஆனால் கையில் எடுக்கவில்லை.

"பெரியம்மா போவலியா? அப்ப நானும் இருக்கேன். புள்ளய வச்சிக்கிட்டு தனியா அங்க போயி என்னா செய்யிறது?"

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அது கருகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில், மேட்டுப் பக்கம் ஏதோ சின்னதாக உருண்டு விழுந்தது. ஒரு கல்லாக இருக்கலாம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

"அந்தப் புள்ளக்காக வர்றேன். உனக்காக இல்ல," என்றாள் என்னிடம். சீலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே அக்காவின் வாசலுக்குப் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள். நான் பையைத் தூக்கினேன். அக்கா திரும்ப உள்ளே போனாள். பால் மா டின்னை மறந்துவிட்டாளாம். அது அடுப்படியில் இருந்தது. அடுப்படி பின்பக்கம், மேட்டை ஒட்டி. அவள் வெளியே வரும்வரை நான் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துப் படியில் ஏறிக்கொண்டிருந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. லொறியில் இருந்து கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அது நிற்காமல் நீண்டது. திரும்பிப் பார்த்தேன். மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாசனை வந்தது, பச்சை மண்ணின் வாசனை, புதிதாகக் குழி வெட்டினால் வருவதுபோல. படியில் நின்றவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தலைவர் கடைசியாக வந்தார். செருப்பு இல்லை. "யாரும் உள்ள இல்ல. எல்லாக் கதவையும் பாத்துட்டேன்," என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் படியில் உட்கார்ந்தேன். அம்மா குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

காலையில் பார்த்தோம். கீழ் லயத்தின் பின்பக்கம் நெடுக அடுப்படிகள் மண்ணுக்குள் போயிருந்தன. அக்காவின் வீட்டில் அடுப்படியும் படுக்கிற அறையும் இல்லை. புதிதாகப் பூசிய முன்சுவர் மட்டும், ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. எங்கள் காம்பிராவை மண் தொடவே இல்லை. மேல் லயமும் அப்படியே நின்றது. நடு லயத்தில் ஒரு கூரை சரிந்திருந்தது.

"நம்ம வீட்டுக்கு ஒன்னும் ஆவலியே," என்று அம்மா சொன்னாள். இன்றைக்கும் சொல்வாள். அவள் சொல்வது உண்மைதான். அந்தப் பின்னேரம் நாங்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அக்காவும் எங்களை நம்பி அவள் வீட்டில் இருந்திருப்பாள்.

மழை விட்டதும் கிராம சேவகர் வந்தார். தான் ஒன்று இருந்தாலே போதும் என்றுதான் சொன்னதாகச் சொன்னார். தலைவர் தன் காதில் விழுந்தது வேறு என்று சத்தியம் செய்தார். இரண்டு பேரும் பொய் சொல்லுகிற ஆட்கள் இல்லை. நடுவில் என்ன போயிற்று என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அளக்கும் கருவிகளோடு வந்த அதிகாரிகள் மூன்று லயத்துக்கும் யாரும் திரும்பக் கூடாது என்று எழுதிப் போட்டார்கள். எங்கள் காம்பிராவும் அதில் இருந்தது. அம்மா அவர்களோடு வாதாடிப் பார்த்தாள், அவர்களுக்கு அவளுடைய தமிழ் விளங்கவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் சேலைகளைக் கட்டிப் பிரித்துக்கொண்டு குடும்பங்கள் இருந்தன. வகுப்புகளைப் பள்ளிக்கூட முற்றத்துக் கொட்டகையில் நடத்தினேன். பிறகு மைதானத்து ஓரத்தில் தகரத்தில் தற்காலிக வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அம்மாவும் நானும் இப்போது அதில் ஒன்றில் இருக்கிறோம். வெயிலில் உள்ளே நிற்க முடியாது, மழையில் பேசுவது கேட்காது. நிரந்தர வீடு வரும் என்கிறார்கள். அம்மா இங்கிருந்துதான் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள்.

அக்கா குழந்தையோடு லுணுகலைக்குத் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தை பிறந்து கொஞ்ச நாள் கழித்து ஒருமுறை வந்தாள். பழைய இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். போகக் கூடாத இடம்தான், ஆனால் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவும் நானும் கூடப் போனோம். அவள் அடுப்படி இருந்த இடத்தில் மண் இறுகிப்போய்ப் புல் முளைத்திருந்தது. மண்ணுக்குள்ளிருந்து அம்மியின் ஒரு மூலை நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதை எடுக்காமல் வரமாட்டேன் என்றாள். மூன்று பேரும் கையால் தோண்டிப் பார்த்தோம், அசையவில்லை. தலைவரைக் கூப்பிட்டோம். இங்கே ஏன் வந்தீர்கள் என்று எங்களை ஏசிவிட்டு, போய் ஓர் அலவாங்கு கொண்டுவந்து நெம்பினார். அம்மி புரண்டு வெளியே வந்தது. அதை நாலு பேரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். லுணுகலை பஸ்ஸின் கண்டக்டர் கல்லையெல்லாம் ஏற்ற முடியாது என்று மறுத்தான். அம்மா படியில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டு, அம்மி ஏறாமல் பஸ் போகாது என்றாள். ஏறியது. பின் சீட்டுக்கு அடியில் அதைத் தள்ளிவிட்டு, அக்கா அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் வளைவில் திரும்பும்வரை ஜன்னலில் அவள் கை தெரிந்தது.